மூலையில் தேய்ந்த பெயர்

போன மாதம் இத்தாலியின் டூரின் நகரத்திலிருந்து கவர் ஒன்று வந்தது. அங்கே வேலை பார்க்கும் நண்பர் அனுப்பியது. சனிக்கிழமைதோறும் போர்ட்டா பலாஸ்ஸோவுக்குப் பின்பக்கம் பலோன் என்ற பழைய சாமான் சந்தை கூடும். நின்றுபோன கடிகாரம், கைப்பிடி போன பாத்திரம், யார் வீட்டு ஆல்பத்திலிருந்தோ பிரிந்து வந்த போட்டோக்கள் என்று எல்லாம் தரையில் விரித்துக் கிடக்குமாம். ஷூ டப்பா நிறையத் தபால் அட்டைகளை அடுக்கி வைத்திருந்த கிழவரிடம் ஒன்றை வாங்கி, "பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது" என்று இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தார்.

அட்டையில் இருப்பவர் பீனா மெனிகெல்லி. நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய ஊமைப்பட நடிகை. தலையைப் பின்னால் சாய்த்திருக்கிறார். இமை பாதி மூடியிருக்கிறது. உதடு கிட்டத்தட்டக் கறுப்பு. தோளுக்குக் கீழே உடம்பு தெரியவில்லை, வெள்ளைப் புகைக்குள் கரைந்துவிடுகிறது. படத்தின் அடியில் அவர் பெயர் பளிச்சென்று அச்சாகியிருக்கிறது. இடது மூலையில் பொடி எழுத்தில் 'போட்டோ' என்ற சொல், அதன் பிறகு தேய்ந்த இடம், அதன் பிறகு 'ரோமா'. நடுவில் இருக்க வேண்டிய பெயரைத்தான் யாருடைய கட்டைவிரலோ வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்து அழித்திருக்கிறது. ஆல்பத்திலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்த விரலாக இருக்க வேண்டும்.

அந்தத் தேய்ந்த இடத்தைத்தான் நான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இந்தப் பழக்கம் பெரியப்பாவிடமிருந்து வந்தது. எங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் டச்சிங் வேலை பார்த்தவர். டச்சிங் என்றால் நெகட்டிவின் மேல் பென்சிலால் செய்கிற வேலை. எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் மூலையைப் பார்ப்பார், பிறகு திருப்பி அட்டையின் முதுகைப் பார்ப்பார், எந்த ஸ்டுடியோ சீல் என்று. முகத்துக்கு அப்புறம்தான் வருவார். அவர் கைபட்ட படங்கள் எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவரில் மாலை போட்டுத் தொங்குகின்றன. ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது.

அவர் மேஜை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சாய்வான மரப்பலகை. நடுவில் சதுரமாக வெட்டி, தேய்த்த கண்ணாடி பதித்திருக்கும். அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட. தலைக்கு மேல் கறுப்புத் துணி. நெகட்டிவின் மேல் மருந்து ஒரு சொட்டு விட்டுப் பஞ்சால் வட்டமாகத் தேய்ப்பார். அது காய்ந்ததும் வழவழப்பு போய் லேசாகச் சொரசொரப்பு வரும். அப்போதுதான் பென்சில் பிடிக்கும். பென்சிலை உப்புக் காகிதத்தில் உருட்டி உருட்டி ஊசி போலத் தேய்த்து வைத்திருப்பார். கூர் மட்டும் ஒரு விரற்கடை நீளம் இருக்கும். அதை வைத்துக் கோடு இழுக்க மாட்டார். சின்னச் சின்னக் கமா போலத் தொட்டுத் தொட்டு எடுப்பார்.

பத்து வயதில் எனக்குப் புரியாத விஷயம், சுருக்கத்தின் மேல் பென்சிலால் தீட்டினால் சுருக்கம் இன்னும் கறுப்பாகாதா என்பது. "டேய், நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ்" என்றார். "படத்துல கறுப்பா வர்ற கோடு இங்க வெறும் கண்ணாடியா இருக்கும். அந்த ஓட்டைய அடைச்சிட்டா படத்துல வெளுத்துரும்." கறுப்பாக வேண்டிய இடத்துக்குக் கத்தி. பிளேடு முனையால் மருந்துப் படலத்தைச் சுரண்டுவார், மூச்சை நிறுத்திக்கொண்டு. இன்னொன்றும் சொன்னார், அதைத்தான் இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்: "கண்ணுக்குக் கீழ இருக்கற கோட்ட முழுசா எடுத்துராத. பாதி எடு. முழுசா எடுத்தா அந்தம்மாவோட பிள்ளையே அடையாளம் கண்டுக்காது."

இனி மெனிகெல்லியின் காலத்துக்குப் போவோம்.

1913ல் டூரினில் குளோரியா பிலிம் என்ற கம்பெனி எடுத்த 'மா லமோர் மியோ நொன் மோரே' என்ற படம் வெளியானது. 'என் காதல் மட்டும் சாகாது' என்று பொருள். இயக்கியவர் மாரியோ கசெரினி. நாயகி லிடா பொரெல்லி, ஏற்கெனவே மேடையில் பெரிய பெயர், சினிமாவுக்கு அதுதான் முதல் படம். தகப்பன் தற்கொலை செய்துகொண்ட பிறகு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, வேறு பெயரில் பாடகியாகி, கடைசியில் மேடையிலேயே விஷம் குடித்துச் சாகிற பெண் வேஷம். இத்தாலியில் தீவா என்று சொல்கிறார்களே, தெய்வமகள் என்கிற அர்த்தத்தில், அந்த வழிபாடு சினிமாவில் இங்கிருந்துதான் தொடங்கியது. பொரெல்லியைப் பார்த்து ஊர்ப் பெண்கள் கழுத்தைச் சாய்த்தார்கள், கையைத் தளரவிட்டார்கள், தலைமுடியை அவரைப் போலக் கலைத்துக்கொண்டார்கள். இப்படிச் செய்வதற்கு 'பொரெல்லெஜாரே' என்று இத்தாலிய மொழியில் வினைச்சொல்லே பிறந்தது. அவருக்கு அடுத்து பிரான்செஸ்கா பெர்த்தினி, பீனா மெனிகெல்லி. இந்த மூவர்தான் உச்சி. இவர்களைச் சுற்றி லேதா ஜீஸ், ஹெஸ்பெரியா, மரியா யாக்கோபினி என்று வரிசை நீளும்.

இந்தப் படங்களை இன்று பார்க்கிறவர்களுக்கு முதலில் உறுத்துவது அந்த நடிப்பு. கதவருகே வந்து நிற்பார், திரைச்சீலையைப் பிடிப்பார், தலை மெல்லப் பின்னால் போகும், அப்படியே நின்றுவிடும். பல வினாடிகள். மிகை என்று தோன்றும். எனக்கும் கொஞ்ச காலம் அப்படித்தான் தோன்றியது. இந்த நடிகைகளின் தபால் அட்டைகளை வரிசையாகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. அவர்கள் நின்றுவிடும் அந்த நிலைகள் எல்லாம் போட்டோ ஸ்டுடியோவில் பிறந்தவை. பொரெல்லி சினிமாவுக்கு வருவதற்கு முன்பே, 1909ல் சலோமியாக மேடையேறிய நாட்களிலேயே, கேமராவின் முன்னால் நிற்கத் தெரிந்தவர். எந்தக் கோணத்தில் தாடை நீளும், எந்த வெளிச்சத்தில் கண்குழி ஆழமாகும் என்பது அவருக்குப் பாடம். சினிமா கேமரா வந்ததும் அந்தப் பாடத்தை அசைவோடு சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு போஸிலிருந்து அடுத்த போஸுக்கு நகர்வதுதான் அவர் நடிப்பு. முதல் படத்திலேயே ஒப்பனை அறையில் பெரிய கண்ணாடிகளுக்கு முன்னால் அவர் இருக்கும் காட்சி உண்டு. ஒரே சமயத்தில் அவரை நாம் பல பக்கமிருந்து பார்க்கிறோம். போட்டோகிராபர் ஒரு மணி நேரத்தில் எடுக்கிற நான்கு பிளேட்டை (பிளேட் என்றால் அன்றைய கண்ணாடி நெகட்டிவ்) ஒரே சட்டத்துக்குள் அடுக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

பின்னாளில் மார்க்சியச் சிந்தனையாளராகப் பெயர் பெற்ற அன்டோனியோ கிராம்ஷி அப்போது டூரினில் 'அவந்தி' பத்திரிகைக்கு நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். 1917 பிப்ரவரியில் பொரெல்லியைப் பற்றி எழுதினார். கடுமையான கட்டுரை. தன்னைத் தவிர வேறு யாராகவும் இவரால் நடிக்க முடியாது என்பது புகார். அதே மூச்சில், மனித உடலே மொழியாக இருக்கிற சினிமாவுக்கு இவரைப் போல இன்னொருவர் இல்லை என்றும் சொல்கிறார். குறையாகச் சொன்ன அந்த வரி, போட்டோகிராபரின் பக்கமிருந்து பார்த்தால் ஒரு தொழில் இலக்கணம். ஸ்டுடியோவுக்கு வருகிறவர் வேறு யாராகவும் மாற வேண்டியதில்லை. தானாகவே இருந்து, அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினால் போதும்.

அதனால்தான் மூலையில் இருக்கிற பெயர்கள் எனக்கு முக்கியமாகப்படுகின்றன. மிலான் என்றால் பதோதி, வரிஸ்கி-ஆர்திகோ, எமிலியோ சோமாரிவா. ரோம் என்றால் பெத்தீனி, பிந்தோ. இந்த அட்டைகளைச் சேர்ப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் தண்ணீர்பட்ட பாடு. சினிமா வரலாறு படித்தவர்களிடம் கேட்டால் அநேகமாகத் தெரியாது. இயக்குநர் பெயர் தெரியும், கம்பெனி பெயர் தெரியும். ரசிகன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த முகத்தை எடுத்தவர் பெயர் தெரியாது.

அட்டை என்பது அன்று சின்ன விஷயம் இல்லை. சுமார் 9க்கு 14 சென்டிமீட்டர். சினிமா ஊருக்கு வந்து ஒரு வாரத்தில் போய்விடும். ஊமைப்படத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வழி கிடையாது. அட்டையை எடுத்துப்போகலாம். பொலோஞாவில் வெத்தோரி, மிலானில் திரால்தி, பால்ச்சி என்று இதற்கென்றே பதிப்பாளர்கள் இருந்தார்கள். பெர்லினில் 1894ல் தொடங்கிய ஒரு கம்பெனி நீளமான காகிதச் சுருளை இயந்திரத்தில் ஓடவிட்டு, வெளிச்சம் காட்டி, மருந்தில் முக்கி, கழுவிக் காயவைத்து வெட்டித் தள்ளும் முறையைப் பெரிய அளவில் நடத்தியது. ஜெர்மன்காரர்கள் அதைக் 'கிலோமீட்டர் போட்டோ' என்றே அழைத்தார்கள். மூலையில் மூன்று நான்கு எழுத்தில் பெயர் போட வேண்டிய அவசியம் இப்படித்தான் வந்தது. படம் கிலோமீட்டர் கணக்கில் ஓடும்போது எடுத்தவன் யார் என்று சொல்ல வேறு இடம் இல்லை.

ஸ்டுடியோவுக்குள் வருவோம். அன்றைய போட்டோ ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தன. கூரையில் பாதியும் வடக்குச் சுவரும் கண்ணாடி. இத்தாலி இருக்கும் இடத்தில் வடக்கிலிருந்து பகலில் வெயில் நேராக விழாது. காலை முதல் மாலை வரை ஒரே சீரான, நிழலுக்கு ஓரம் தெரியாத வெளிச்சம். (நம்மூரில் இது சரிப்படாது. சித்திரைக்குப் பிறகு உச்சிவெயிலே வடக்கே சாய்ந்துவிடும்.) கூரையில் கம்பி கட்டி வெள்ளைத் திரை, கறுப்புத் திரை. எதை இழுத்து எதை விலக்குவது என்பதில்தான் போட்டோகிராபரின் கை தெரியும். மின்விளக்கு வந்த பிறகும் இந்த வடக்கு வெளிச்சத்தை விடாதவர்கள் இருந்தார்கள்.

அட்டையில் மெனிகெல்லியின் உதடு ஏன் கறுப்பு என்பதற்கு வருகிறேன். அவர் கறுப்புச் சாயம் பூசிக்கொள்ளவில்லை. அந்தக் காலத்துப் பிளேட்டுக்குச் சிவப்புக் கண் கிடையாது. நீலத்தைப் பளிச்சென்று பார்க்கும், பச்சையை ஓரளவு பார்க்கும், சிவப்பைப் பார்க்கவே பார்க்காது. அதனால்தான் டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே பிளேட்டைக் கழுவ முடிந்தது. அதே காரணத்தால்தான் செக்கச் சிவந்த உதடு கரி போல விழுந்தது. நீலக் கண் இருந்தால் கண்மணி வெளுத்து ஆவி போல் தெரியும். வெயில் பட்டுச் சிவந்த கன்னம் அழுக்குப் படிந்த மாதிரி ஆகும். தோலுக்கடியில் கண்ணுக்கே தெரியாத சிவப்புத் திட்டு, மச்சம், பரு எல்லாம் பிளேட்டில் எழுந்து நிற்கும். நேரில் பேரழகியாக இருப்பவர் கழுவியெடுத்த பிளேட்டில் நோயாளி போலத் தெரிவார்.

ஆகவே டச்சிங் என்பது பொய் அழகுக்காகச் செய்த வேலை என்று மட்டும் நினைக்கக் கூடாது. பாதி வேலை, மருந்து செய்த அநியாயத்தைச் சரிசெய்வது. மீதிப் பாதி, ஆமாம், வயதைக் குறைப்பது. ஐரோப்பிய ஸ்டுடியோக்களில் இந்த மேஜைகளில் உட்கார்ந்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். அவர்கள் பெயர் மூலையில்கூட வராது.

பொரெல்லியின் 'ரப்சோதியா சதானிக்கா' படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வரும். நீனோ ஒக்ஸீலியா இயக்கியது, 1917ல் திரைக்கு வந்தது. இசை மஸ்காஞி, ஓபரா உலகத்தின் பெரிய ஆள். கதை இதுதான்: முதுமையடைந்த சீமாட்டி ஒருத்தியிடம் மெபிஸ்டோ என்ற சாத்தான் வருகிறான். இளமையைத் திருப்பித் தருகிறேன், காதலை மட்டும் விட்டுவிடு என்கிறான். அவள் சம்மதிக்கிறாள். சுருக்கம் எல்லாம் மறைகிறது. மெபிஸ்டோ செய்வது என்ன? டச்சிங்தான். கடைசிப் பகுதியில் அவள் மெல்லிய துணிகளைச் சுற்றிக்கொண்டு கண்ணாடிகளுக்கு இடையில் நடக்கிறாள். அந்தக் காலத்து ரசிகன் அட்டைகளில் பார்த்துப் பழகிய சுருக்கமில்லாத பொரெல்லி, தன் முகத்தை விலை கொடுத்து வாங்கியவளாகத் திரையில் நடக்கிறார். எனக்கு அந்தக் கட்டம் ஒவ்வொரு தடவையும் தொண்டையை அடைக்கும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒருவர் நின்றார், எலியனோரா தூசே. மேடையில் ஒப்பனை போடாதவர் என்று உலகம் முழுக்கப் பெயர். 1916ல் தன் 58ஆவது வயதில் ஒரே ஒரு சினிமாவில் நடித்தார். 'சேனெரே', சாம்பல் என்று பொருள். கிராட்சியா தெலெத்தாவின் நாவல். நரைத்த தலை, குழிந்த கன்னம், முகத்தைவிட அதிகமாகப் பேசும் கைகள். பெரும்பாலும் நிழலில் நிற்கிறார், கேமராவிடமிருந்து திரும்பிக்கொள்கிறார். மற்ற நடிகைகளின் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், பென்சில் படாத முகம் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது தெரியும். அந்தப் படம் ஓடவில்லை. அவரும் திரும்பச் சினிமாப் பக்கம் வரவில்லை.

பிளாரன்ஸில் மாரியோ நூனெஸ் வைஸ் என்று ஒருவர் இருந்தார். 1856ல் பிறந்து 1932ல் இறந்தவர். வசதியான யூதக் குடும்பம். போட்டோ அவருக்குத் தொழில் இல்லை, காசு வாங்கமாட்டார். ஆனால் அன்றைய இத்தாலியில் பெயர் பெற்றவர்கள் யார் பிளாரன்ஸுக்கு வந்தாலும் அவர் கேமராவின் முன் உட்காராமல் போனதில்லை என்கிற அளவுக்கு எடுத்திருக்கிறார். தூசே, கவிஞர் தனுன்சியோ, பொரெல்லி. 1913ல் பியூச்சரிஸ்டுகளை, அதாவது வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய அன்றைய கலைஞர் கூட்டத்தை, வரிசையாக நிறுத்தி எடுத்த படமும் அவருடையதுதான், மரினெத்தியும் பொச்சோனியும் இருக்கிறார்களே, அது. அவருடைய கண்ணாடிப் பிளேட்டுகள் இன்று ரோமில் அரசின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவர் பெயர் தப்பித்ததற்குக் காரணம், பிளேட்டுகள் ஒரே வீட்டில் ஒன்றாக இருந்ததுதான். மற்ற எத்தனையோ ஸ்டுடியோக்களில் இடம் அடைக்கிறது என்று பிளேட்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஜெலட்டினைச் சுரண்டிவிட்டு அந்தக் கண்ணாடியை ஜன்னலுக்கும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் ஸ்டுடியோ பூட்டியபோதும் நெகட்டிவ் பெட்டிகள் எடைக்குத்தான் போயின. பெரியப்பா அன்று சாப்பிடவில்லை.

'ரோமா' என்ற ஊர்ப் பெயர் என்னை இழுத்துக்கொண்டு போனது இன்னொரு குடும்பத்திடம். பிரகால்யா சகோதரர்கள். அப்பா பிரான்செஸ்கோ பிரகால்யா, ரோமின் பெரிய சினிமாக் கம்பெனியான சீனெஸில் நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவர். பிள்ளைகள் கேமராவோடு வளர்ந்தார்கள். மூத்தவர் அன்டன் ஜூலியோ, 1890ல் பிறந்தவர். அர்துரோ 1893, கார்லோ லுடோவிக்கோ 1894.

1911ல் அன்டன் ஜூலியோவுக்கு 21 வயது, அர்துரோவுக்கு 18. இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். அதுவரை உலகத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் போட்டோகிராபர் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: ஆடாதீர்கள். கேமராவின் மூடியைத் திறந்து ஒரு வினாடி, இரண்டு வினாடி வைத்திருப்பார்கள். அந்த நேரம் மூச்சைக்கூட இழுக்கக் கூடாது. ஆடினால் பிளேட் வீண். இந்தப் பையன்கள் அதே ஒரு வினாடியில் ஆடச் சொன்னார்கள். கறுப்புப் பின்னணி. முகத்தின் மேல் பலமான வெளிச்சம். மூடியைத் திறந்ததும் உட்கார்ந்திருப்பவர் தலையைத் திருப்ப வேண்டும், அல்லது குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும், அல்லது டைப் அடிக்க வேண்டும். பிளேட்டில் விழுந்தது முகம் இல்லை, முகம் போன வழி. இரண்டு கண் எட்டாகி, நடுவில் புகை போல நெளிகிறது. டைப் அடிக்கிறவரின் விரல்கள் விசைகளுக்கு மேலே வெள்ளைப் பனியாக நிற்கின்றன. போட்டோடைனமிசம் என்று பெயர் வைத்தார்கள்.

அசைவைத் துண்டு துண்டாகப் பிளேட்டில் பிடிக்கும் முறையை பிரான்ஸில் மரே என்ற விஞ்ஞானி முன்பே செய்திருந்தார். அன்டன் ஜூலியோவுக்கு அது போதவில்லை. இரண்டு துண்டுக்கு நடுவில் நழுவிப்போகிறதே, அதுதான் வேண்டும் என்று எழுதினார். எழுதியவர் அவர். பேசியவர், கண்காட்சி வைத்தவர், சண்டை போட்டவர் எல்லாம் அவர்தான். ஓவியர் பொச்சோனியும் நண்பர்களும் 1913 அக்டோபரில் 'லச்செர்பா' பத்திரிகையில் கையெழுத்துப் போட்டு அறிவிப்பு விட்டார்கள்: இந்தப் போட்டோ வேலைக்கும் எங்கள் பியூச்சரிசத்துக்கும் சம்பந்தம் கிடையாது என்று. போட்டோகிராபருக்கு ஓவியர் கூட்டத்தில் இடம் தரக் கூடாது என்கிற பழைய மனத்தாங்கல்தான் அதன் அடியில் இருந்தது என்பது என் எண்ணம்.

இந்தச் சண்டை முழுவதிலும் அர்துரோவின் குரல் கேட்காது. ஆனால் டார்க் ரூமில் நின்றவர் அவர். வெளிச்சம் எவ்வளவு, மூடி எவ்வளவு நேரம், தலை எந்த வேகத்தில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் கை பழகித்தான் வரும். பத்துப் பிளேட் வீணாகாமல் ஒரு பிளேட் வந்திருக்காது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் 1911ஆம் வருஷத்துப் படம் ஒன்று இருக்கிறது, 'தலையின் அசைவு' என்று. கீழே இருப்பது அண்ணன் பெயர்.

1917ல் அண்ணன் 'தாயிஸ்' என்ற சினிமாவை இயக்கினார். பிரம்போலினி போட்ட செட்டுகள், சுவர் முழுக்க வட்டமும் கோணமும் கண்ணுமாக. அது இன்னும் இருக்கிறது, பாரீஸில் ஒரு பிரதி தப்பியது. 1918ல் ரோமின் கொந்தொத்தி தெருவில் சகோதரர்கள் ஒரு கலைக்கூடம் திறந்தார்கள். 1922ல் அது அவிஞொனேசி தெருவில், பழைய ரோமானியக் குளிப்பிடத்தின் இடிபாடுகளுக்குள் இடம் மாறியது. அங்கே ஓவியம், நாடகம், நடனம். பக்கத்திலேயே அர்துரோவின் போட்டோ வேலை. போர்முனையில் காயப்பட்டுத் திரும்பிய தம்பி கார்லோ லுடோவிக்கோவும் சேர்ந்துகொண்டார். சினிமா நடிகர் நடிகைகளின் முகங்களை எடுப்பது அவர்கள் தொழிலானது.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான். பதினெட்டு வயதில் முகத்தைக் கரைத்துப் பார்த்த கை, பிறகு வாழ்நாள் பூராவும் முகத்தை நிறுத்திப் பிடித்துச் சோறு சம்பாதித்தது. இதை இறக்கம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு முகம் எந்தெந்த வழியாகப் போகும் என்று பிளேட் பிளேட்டாகப் பார்த்தவனுக்குத்தான், அது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது தெரியும். பெரியப்பாவும் அப்படித்தான். கல்யாண வீட்டில் ஆட்கள் பேசுவதை, திரும்புவதை, சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மறுநாள் அந்த முகங்கள் நெகட்டிவாக மேஜைக்கு வரும்.

அர்துரோ 1962ல் இறந்தார். அதற்கு முன் சின்னச் சின்ன வேஷங்களில் சினிமாவில் தலைகாட்டினார். இயக்குநர் தெ சிக்கா 1951ல் கொண்டுவந்த 'மிராக்கொலோ ஆ மிலானோ'வில் அவரைப் பார்க்கலாம். குடிசைவாசிகளின் நடுவே மெலிந்த, வயதான முகம். அடுத்தவர் முகங்களை எடுத்துக்கொண்டே இருந்தவரின் முகத்தை அங்கே அசைவோடு பார்க்க முடிகிறது. தம்பி கார்லோ லுடோவிக்கோ சினிமா இயக்குநராகி, 103 வயது வரை வாழ்ந்து, 1998ல் போனார்.

நட்சத்திரங்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொரெல்லி 1918ல் விட்டோரியோ சீனி என்ற பெரும் செல்வரைக் கட்டிக்கொண்டு நடிப்பை நிறுத்திவிட்டார். போருக்குப் பிறகு கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நிறுவனமாகிப் பார்த்தன, சில வருஷங்களில் அதுவும் சரிந்தது. படச்சுருள்கள் நைட்ரேட். தீப்பிடிக்கும், தானாகவே மக்கும், உள்ளே இருக்கும் வெள்ளிக்காக உருக்கியும் எடுப்பார்கள். அந்தப் படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. பெர்த்தினி நூற்றுக்கு மேல் நடித்தார். நமக்குக் கிடைப்பவை கொஞ்சம். பல படங்களில் மிஞ்சியது அட்டைகளில் இருக்கும் முகம் மட்டும்தான்.

மெனிகெல்லி 1924ல் ஒரு பரோனை மணந்துகொண்டு விலகினார். 'இல் புவோக்கோ'வில் ஆந்தை இறகு போன்ற தொப்பியோடு வந்து, ஏழை ஓவியனை எரித்துவிட்டுப் போகும் சீமாட்டியாக நடித்தவர். தன் சினிமா வாழ்க்கையின் போட்டோக்களையும் காகிதங்களையும் அவரே அழித்துவிட்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். சரித்திரம் எழுத வந்தவர்களிடம் பேசவும் மறுத்தாராம். அதற்குப் பிறகு அறுபது வருஷம் வாழ்ந்து 1984ல் மிலானில் இறந்தார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் முகம், அவர் விருப்பம். ஆனால் பெர்லின் இயந்திரம் போன்றவை ஓடி முடித்த பிறகு ஒரு முகத்தை அழிப்பது அந்த முகத்துக்குச் சொந்தக்காரராலும் முடியாத காரியம். அது ஆயிரக்கணக்கான வீட்டு ஆல்பங்களுக்குப் போய்விட்டது.

டூரினில் மரியா அத்ரியானா புரோலோ என்ற பெண்மணி 1941ல் பழைய சினிமாச் சாமான்களைச் சேர்க்கத் தொடங்கினார். போர் நடந்துகொண்டிருந்தது. மூடிய கம்பெனிகளின் காகிதம், கேமரா, போஸ்டர், போட்டோ என்று எது கிடைத்தாலும் தூக்கி வந்து வைத்தார். அதுதான் இன்று மோலே அன்டொனெல்லியானா கோபுரத்துக்குள் இருக்கும் தேசியச் சினிமா மியூசியம். நண்பர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பலோன் சந்தைக்குப் போனாராம்.

நேற்று ராத்திரி பெரியப்பாவின் லென்ஸைத் தேடி எடுத்தேன். பித்தளை வளையம் கறுத்துவிட்டது, கண்ணாடியில் கீறல் இல்லை. மேஜை விளக்கைத் தாழ்த்தி அட்டையை அடியில் வைத்தேன். தேய்ந்த இடத்தை எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் எழுத்து எழும்பவில்லை. பெத்தீனியாக இருக்கலாம், பிந்தோவாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். அதை விட்டுவிட்டு முகத்துக்கு வந்தேன்.

நெற்றியில் தெரிகிறது, கமா கமாவாக. ஒரே பக்கம் சாய்ந்த, அவசரமில்லாத தொடுதல்கள். மூக்கின் ஓரத்தில் அடர்த்தி கூடுகிறது. தாடைக்குக் கீழே கத்தி வைத்துச் சுரண்டிய இடம், நிழல் அங்கே மட்டும் வேறு கறுப்பாக இருக்கிறது. வலது கண்ணுக்குக் கீழே கோடே இல்லை. இடது கண்ணுக்குக் கீழே கோடு மூக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, பாதி தூரம் வந்து நிற்கிறது, அங்கே பென்சில் ஆரம்பிக்கிறது.